முன்வாசல் வழியாக

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

போனில் நீங்கள் என்னைப் பேசவிடுவதில்லை. அதனால் குவைத் திரும்பும் ஆஸிமிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

'ஊர் சுத்துறவ' என்று போனில் நீங்கள் திட்டியும், வருகிறவர்களுக்குத் தரங்கம்பாடியைச் சுற்றிக்காட்டும் வேலையை நான் விடவில்லை.

போன ஞாயிறு பதினொரு பேர் வந்தார்கள். நகர வாசல், தேவாலயம், கடல் பாதி கொண்டுபோன சிவன் கோயில் எல்லாம் நடந்தே பார்த்தோம். கோட்டைக்குப் போகிற வழியில் நம் வீட்டைத் தாண்டும்போது மட்டும் நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பது வழக்கம். அன்று நின்றுவிட்டேன்.

"இது எங்க வீடு. இந்த வீட்டுப் பொம்பளைங்க கொல்லை வழியாத்தான் வெளியே போவாங்க," என்றேன்.

முன்கதவு திறந்தது. உங்கள் உம்மா வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றார்கள். திட்டப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"கோட்டைக்குள்ள என்னதான் இருக்கு புள்ள? நாப்பது வருஷமா மாடியிலேர்ந்து மதிலத்தான் பார்க்கிறேன்," என்றார்கள்.

முன்வாசல் படியிறங்கி எங்களோடு நடந்தார்கள். கோட்டை மேலே நின்று அரைமணி நேரம் கடலைப் பார்த்தார்கள்.

வருகிற ஞாயிறும் வருவார்களாம். போனில் எனக்குச் சொன்ன அந்த வார்த்தையை அவர்களுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வேலைக்குப் போகும் உங்கள் மனைவி