வெறும் வயிற்று ரத்தம்

போபோடி, புனே
8 ஜூன் 2025

அன்புள்ள அமலா,

ஆண்டவர் அருளால் இங்கே சுகம். மழை பிடித்துவிட்டது.

ஆய்வகத்தில் நல்ல செய்தி. ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு என்று மின்னோட்டத்தால் அளக்கும் எங்கள் சோதனைப் பட்டை ஒருவழியாகத் தேறிவிட்டது. நீ தோஹாவுக்கு வேலைக்குப் போகும்முன் உன் ரத்தத்தில்தானே சோதித்தேன்? வெறும் வயிற்றிலும் எக்கச்சக்கமாகக் காட்டியது. இப்போது புது மாணவி வேதநாயகி வாகட் பக்கமிருந்து சாப்பிடாமல் வந்து ரத்தம் கொடுக்கிறாள். அதே பட்டை, அளவு அவ்வளவு சுத்தம். தங்கமான பெண்.

அன்புடன்,
ஜார்ஜ்

தோஹா
20 ஜூன்

அன்புள்ள அத்தான்,

நான் நலம். கடிதத்தைப் படித்ததும் வயிறு எரிந்தது, மறைப்பானேன்? என் ரத்தம் கோளாறு, அவள் ரத்தம் தங்கமா? உங்களுக்காகப் பட்டினி வேறு கிடக்கிறாளாக்கும்.

இங்கே பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருட வேலை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். "வந்துவிடு" என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போடமாட்டேன்.

இன்னொன்று, ஒளிக்காமல் சொல்லுங்கள். எனக்கு ஊசி குத்தும்முன் இஞ்சி தட்டி டீ போட்டுத் தருவீர்களே, அவளுக்கும் போட்டுத் தருகிறீர்களா?

உங்கள்,
அமலா

போபோடி
2 ஜூலை

அன்புள்ள அமலா,

உன் கடிதத்தைப் படித்து நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். சர்க்கரை போட்ட டீ குடித்தால் இன்சுலின் ஏறாமல் என்ன செய்யும்? நம் வீடுகளில் டீயை யார் சாப்பாட்டில் சேர்க்கிறார்கள்? சாப்பிட்டாயா என்று கேட்பேன், இல்லை என்பாய், நானும் வெறும் வயிறு என்று குறித்துக்கொள்வேன். டம்ளர் உன் கையிலேயே இருக்கும்.

வேதநாயகிக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் டீ போட்டுத் தருகிறேன். அதனால்தான் அவள் அளவு சரியாக வந்திருக்கிறது. கோளாறைக் கண்டுபிடித்தவள் நீ. கட்டுரையில் உனக்கு நன்றி எழுதப்போகிறோம். அவளும், "அக்காவுக்கு என் தாங்க்ஸ் சொல்லிடுங்க சார்" என்றாள்.

சர்க்கரை எவ்வளவு போடுவேன் என்று நினைவிருந்தால் எழுது.

அன்புடன்,
ஜார்ஜ்

தோஹா
14 ஜூலை

ஜார்ஜுக்கு,

ஒரு ஸ்பூன் சர்க்கரை, இஞ்சி நிறைய.

பட்டை சரியானதில் நிஜமாகவே சந்தோஷம். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை, பொறாமைதான். அவளுக்கும் நீங்கள்தான் டீ போடுகிறீர்கள்; அதை எனக்கு ஆராய்ச்சி முடிவு மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

நான் கேட்ட ஒரு வார்த்தையைக் கடிதம் முழுக்கத் தேடினேன். மடித்து வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துத் தேடினேன்.

இன்று காலை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அமலா