பிளாப்பியில் போன கடிதம்

5 ஜூலை 1999, திங்கள்

வேலையில் சேர்ந்து ஒரு வாரம். பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில், மெஸ்ஸுக்குப் பக்கத்து அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு டெலிபோன். போன வருஷம் வரை பல்கலைக்கழகமே இதை நடத்தியது. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தாணுமாலையன் அண்ணாச்சிக்கு ஒப்பந்தம் விட்டுவிட்டார்கள். பாளையங்கோட்டையில் அவர் சென்டரில்தான் நான் கம்ப்யூட்டர் படித்தேன்.

விடுதி முழுக்க ஒரே ஈ-மெயில் முகவரி. பிள்ளைகள் தாளில் எழுதித் தருவார்கள், நான் அடித்து அனுப்புவேன். பதில் வந்தால் அச்செடுத்து அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எல்லார் கதையும் என் கண் வழியாகத்தான் போகிறது.

சேரன்மகாதேவியில் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், 'கோமு யுனிவர்சிட்டில வேலை பாக்கா' என்று. நான் அண்ணாச்சி ஆள்தான். அதை எதற்கு அவளிடம் சொல்ல?

10 ஜூலை, சனி

அண்ணாச்சி வந்து வாரத்துக் கடிதங்களையெல்லாம் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு போனார். எதற்கு என்றேன். "யுனிவர்சிட்டி ஆபீஸ்ல கேக்காங்க. அடுத்த வருஷமும் ஒப்பந்தம் நமக்கு வேணும்லா? நீ எதையும் அழிச்சிராத."

சரி என்றேன்.

27 ஜூலை

ஹெப்சிபா அக்கா தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். ஊர் நாசரேத். அண்ணன் எஸ்றா சிங்கப்பூரில். அவள் மட்டும் தாளை வீசிவிட்டுப் போகமாட்டாள், நான் அடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இன்று, "கோமு, நீ பி.ஏ. எழுதேன், தபால்ல படிக்கலாம்" என்றாள். இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அவள்தான்.

11 ஆகஸ்ட்

விடுதியில் மஞ்சள் காமாலை. மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்காவின் அறைத்தோழி ஃபெபிக்கும் கண் மஞ்சள். அவளுக்கு ஊசி மேல் ஊசி.

19 ஆகஸ்ட்

ஃபெபி செத்துப்போனாள்.

20 ஆகஸ்ட், வெள்ளி

அக்கா வந்தாள். அழவில்லை. மெஸ்ஸுக்குப் பின்னால் சாக்கடைக் குழாய் உடைந்து குடிதண்ணீர்த் தொட்டிக்குள் கசிகிறதாம். வார்டனிடம் இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லையாம். எஸ்றாவின் கூட்டாளி ஒருவர் சென்னையில் பத்திரிகைக்காரர். அவருக்குச் சொல்லச் சொல்லி அண்ணனுக்கு எழுதியிருந்தாள்.

"இதை வேற யாரும் பாப்பாங்களா, கோமு?"

"இல்லக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது.

21 ஆகஸ்ட், சனி

அண்ணாச்சி வருவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழித்தால் என்ன? போன வாரம் ஒரு கடிதம் விட்டுப்போனதற்கே, "என்ன, மறைக்கியா?" என்று கேட்டார். வேலை போனால் அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்?

அழிக்கவில்லை. பிளாப்பியில் போய்விட்டது.

நூறு கடிதத்தில் ஒன்று. யார் படிக்கப்போகிறார்கள்.

24 ஆகஸ்ட்

படித்துவிட்டார்கள். காலையில் அக்காவை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, அவள் கடிதத்தையே அச்செடுத்து முன்னால் போட்டிருக்கிறார்கள். விடுதியை விட்டு இன்றே போக வேண்டுமாம். பேராசிரியரும் இனி உன் ஆராய்ச்சிக்கு நான் பொறுப்பில்லை என்றுவிட்டார்.

பெட்டியோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நீயா குடுத்தே?"

"அண்ணாச்சி எடுத்துட்டுப் போயிட்டாங்கக்கா."

"எடுப்பாருன்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். நிமிரும்போது அவள் கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பெட்டி கனம், ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நடந்தாள். நான் எழுந்திருக்கவே இல்லை.

25 ஆகஸ்ட்

எஸ்றாவிடமிருந்து அக்காவுக்குப் பதில் வந்தது. பத்திரிகைக்காரர் கேட்கிறாராம்: பெயர் போட்டுச் சொல்ல விடுதியில் யாராவது இருக்கிறார்களா?

அக்கா இல்லை. கொண்டுபோய்க் கொடுக்க அறையும் இல்லை.

சாயங்காலம் மெஸ்ஸுக்குப் பின்னால் போனேன். தொட்டி மூடியைத் தூக்கினேன். சாக்கடைத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது, ஒரே நாற்றம். உள்ளே வந்து, பார்த்ததை அடித்தேன். கீழே என் பெயர், அப்பா பெயர், சேரன்மகாதேவி முகவரி. எஸ்றாவுக்கு அனுப்பினேன். அழிக்கவில்லை.

28 ஆகஸ்ட், சனி

அண்ணாச்சி என் கடிதத்தை அங்கேயே நின்று வாசித்தார்.

"உனக்குச் சோறு போடுதது நானா, அந்தப் பிள்ளையா?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"சாவிய வச்சிட்டுப் போ."

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

17 செப்டம்பர்

பேப்பரில் வந்துவிட்டது, என் பெயரோடு. சுகாதாரத்துறை ஆட்கள் வந்து தொட்டியை உடைத்துப் புதுக் குழாய் போட்டார்களாம். பஸ் ஸ்டாண்டில் பார்த்த மெஸ் பிரம்மநாயகி அக்கா சொன்னாள். அண்ணாச்சிக்கு ஒப்பந்தம் அப்படியே இருக்கிறதாம். என் நாற்காலியில் வேறு ஒருத்தி.

"சனிக்கிழமை இன்னும் வாராரா?"

"வராம? வாராரு."

10 அக்டோபர், ஞாயிறு

திருச்செந்தூர் ரயிலில் நாசரேத் போனேன். பேப்பரில் வந்ததை மடித்து எடுத்துப்போனேன். கோவில் ஆராதனை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அக்காவின் அம்மா வந்தார்கள். பெயர் சொன்னேன். உள்ளே போய், செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள்.

"அவ வீட்ல இல்லம்மா. நேரத்தோட நீ ஊரு போய்ச் சேரு."

உள்ளே அக்கா யாரோ ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குரல் நன்றாகக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, "வாரேம்மா" என்றேன்.