தலைமாட்டில் போட்ட இருக்கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று நான் சொன்னால் நீ இனிமேல் சந்தேகப்படுவாய், ஏனென்றால் போன மாதம் போனில் சொன்ன நலத்தில் பாதி பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் “சரிப்பா, சரிப்பா” என்று முடித்துவிடுவாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுதாகப் படி, முடிவு நல்லதுதான், அதனால் நடுவில் எங்கேயும் அழ வேண்டாம்.

அம்மாவின் ஐந்தாவது கீமோவை ஆஸ்பத்திரியில் தள்ளிப் போட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, ஆஸ்பத்திரி தள்ளிப் போடவில்லை. உன் அம்மா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான்கு முடிந்தது, இன்னும் இரண்டு பாக்கி, அதற்குள் போதும் என்றாள். நானும் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். கத்தியதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் இனிப் பொய் சொல்வதில்லை என்று ஆரம்பித்த பிறகு அதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் முன்னால் ஏற்றிய மருந்தும் வீணாகிவிடக்கூடும் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாரத்தில் நான் எப்படிச் சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்பது எனக்கே தெரியாது.

மூன்றாவது வரைக்கும் பழைய கூடத்தில்தான் மருந்து ஏற்றினார்கள், நீயும் வந்து பார்த்திருக்கிறாய், சுண்ணாம்பு உதிரும் சுவர், வரிசையாகக் கட்டில், கட்டிலை ஒட்டி பெஞ்சு, ஒருவர் இருமினால் எட்டுப் பேருக்கும் கேட்கும். நான்காவதுக்குப் போனபோது மேல்மாடியில் புது இடம் திறந்துவிட்டார்கள். அதை அமைத்தது ஒரு பெண், உன்னைவிட நான்கைந்து வயது பெரியவளாக இருக்கலாம், கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். நான் அவளுக்கு டேப்பம்மா என்று பெயர் வைத்துவிட்டேன், இப்போது நர்ஸ்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். குறை சொல்வதற்கு முன்னால் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் பக்கவாட்டிலிருந்து வருகிறது. மருந்து வாடை இல்லை. ஒவ்வொருவருக்கும் தோள் உயரத்துக்கு மரத்தடுப்பு, வெளிர் பச்சைத் திரை, படுக்கைபோலச் சாயும் நாற்காலி, ஜன்னலில் தொட்டிச் செடி. உன் அம்மாவும் எல்லாவற்றையும் தடவிப் பார்த்து ஹோட்டல் மாதிரி இருக்கிறது என்றாள். அங்கே ஐந்து மணி நேரம் மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே “எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இனிமே நான் அங்க வரல” என்றாள். ஏன் என்று கேட்டால் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது, நாற்காலிதான் காரணம் என்று. முப்பத்தெட்டு வருஷமாக சீட் தைக்கிறேன், பஸ் சீட், கார் சீட், முடிவெட்டுகிறவர் நாற்காலி, பல் டாக்டர் நாற்காலி, எதையும் விட்டதில்லை. யாரும் எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை, பழைய சீட்டைப் பிரித்துப் போட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அந்த நாற்காலியில் ஸ்பாஞ்ச் மேலே மெத்தென்று இருக்கிறது, இரண்டு மணி நேரம் கழித்து இடுப்பு உள்ளே இறங்கிவிடும். கை வைக்கும் இடமும் குறுகல். ஐந்தாவதுக்குக் குறித்த தேதியில் அவள் கிளம்பாததும் மறுநாளே போய் டேப்பம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன் என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். அன்றைக்குத்தான் நீ போனில் “அப்பா, ஆஸ்பத்திரில போய் யார்கூடயும் சண்டை போடாதீங்க” என்றாய். யார் உனக்குச் சொன்னார்கள் என்பது தெரியும், அது இருக்கட்டும். பெற்ற மகளே என்னைச் சண்டைக்காரன் என்று முடிவு கட்டிவிட்டாள் என்பதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

டேப்பம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. “ஐயா, நாற்பது பேரை உட்கார வச்சுப் பார்த்துத்தான் இதை வாங்கினோம்” என்றாள். எத்தனை நேரம் உட்கார வைத்தாய் என்று கேட்டேன். கால் மணி நேரமாம். கால் மணி நேரத்தில் முள்ளு மேல்கூட உட்காரலாம், ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பார் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே “நீங்களே உட்காருங்களேன், ஞாயிற்றுக்கிழமை இங்க யாரும் வர மாட்டாங்க” என்றாள். பெரிய நர்ஸ் அங்கே நின்றுகொண்டிருந்தார், அவரும் சரி என்றார், எழுந்திருக்காமல் இருக்க வேண்டும், கையில் குழாய் ஒட்டிவிடுவேன், அப்போதுதான் நியாயமாக இருக்கும் என்று சேர்த்துக்கொண்டார். சவால் என்று வந்தபின் நான் பின்வாங்குவேனா. வீட்டில் வந்து சொன்னதும் ஒரு வாரமாகச் சிரிக்காத உன் அம்மா சிரித்தாள். “எங்க வீட்டுக்காரரை ஒரே இடத்துல கட்டி உட்கார வைக்கிறாங்கன்னா அதைப் பார்க்க நான் வராம இருப்பேனா” என்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டாள். அந்த இடத்துக்கு வரவே மாட்டேன் என்றவள், அன்றைக்கு எனக்கு முன்னாலேயே புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

நர்ஸ் என் கையில் ஊசி இல்லாமல் வெறும் குழாயை மட்டும் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டார். உன் அம்மா துணைக்கு வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். அந்த இடத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மருந்துக் கம்பியும் நர்ஸின் தள்ளுவண்டியும் வர வேண்டும், மறு பக்கம் சின்ன மேஜை, அதனால் துணை ஆளுக்கு நோயாளியின் தலைமாட்டில் சுவரோடு சேர்த்து ஒரு பலகை இருக்கை அடித்திருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் நான் தையலைப் பற்றியும் ஸ்பாஞ்சைப் பற்றியும் டேப்பம்மாவுக்குப் பாடம் நடத்தினேன், அவள் எழுதிக்கொண்டாள். பிறகு அவளுக்கு வேலை வந்து போய்விட்டாள். நர்ஸும் போய்விட்டார். மேற்கூரை, திரை, செடி, மறுபடி மேற்கூரை. ஒன்று சொல்கிறேன், சும்மா படுத்திருப்பது வேலை செய்வதைவிடக் கஷ்டம். கொஞ்ச நேரம் கழித்து “இருக்கியா?” என்று கேட்டேன். பதில் இல்லை. தூங்கிவிட்டாளோ என்று பேசாமல் இருந்தேன். மறுபடியும் கேட்டேன். கழுத்தைத் திருப்பினால் தடுப்புதான் தெரிகிறது, கையில் குழாய் இழுக்கிறது. வெளியே போய்விட்டாளா, மயக்கம் வந்து சாய்ந்துவிட்டாளா, நோயாளி அவள்தானே. பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்துவிட்டேன். இரண்டு மணி ஐம்பது நிமிஷம். பந்தயத்தில் தோற்றேன்.

திரும்பிப் பார்த்தால் உன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருக்கிறாள், கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். “இங்கதான் இருந்தேன். அன்னைக்கு நீங்களும் இங்கதான் இருந்தீங்க” என்றாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. பிறகு சொன்னாள். நான்காவது தடவை அவள் நான்கு முறை என்னைக் கூப்பிட்டாளாம், மெதுவாக. நான் அவள் தலைத்துணியை மட்டும் பார்த்துவிட்டு, தூங்குகிறாள், எழுப்பக் கூடாது என்று மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தேன், அப்படியே நானும் கண் அசந்துவிட்டேன். அவள் நான் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று நினைத்துவிட்டாள், மருந்து முடிந்து நான் பின்னாலிருந்து எழுந்து வந்தபோதுதான் அங்கேயே இருந்தேன் என்று தெரிந்ததாம். நர்ஸைக் கேட்டிருக்கலாமே என்றேன். “புருஷன் எங்கன்னு ஊரைக் கேட்கணுமா, இந்த வயசுல?” என்றாள். அவ்வளவு அழகான இடத்தில் ஐந்து மணி நேரம் தனியாக இருந்திருக்கிறாள், நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தும்.

ஸ்பாஞ்ச் சரியில்லை என்று நான் சொன்னது தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஸ்பாஞ்ச் சரியில்லைதான், ஆறு மாதம் போகட்டும், அவர்களே கூப்பிடுவார்கள். ஆனால் உன் அம்மா வராததற்குக் காரணம் அது இல்லை.

டேப்பம்மாவை அன்றைக்கே கூப்பிட்டு உட்கார வைத்து உன் அம்மா தானே சொன்னாள், நான் வாயைத் திறக்கவில்லை, வேண்டுமானால் நர்ஸைக் கேள். அந்தப் பெண் தானே போய் அந்தப் பலகையில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு “நோயாளி உட்கார்ற நாற்காலியை மட்டும்தான் நாற்பது பேருக்குக் காட்டினேன், இதுல ஒருத்தரையும் உட்கார வைக்கல” என்றாள். தப்பை ஒப்புக்கொள்கிறவர்களிடம் எனக்குச் சண்டை போட வராது. மேஜையைத் தலைமாட்டுக்குத் தள்ளினோம், அந்தப் பலகை இப்போது பை வைக்கிற இடம். மேஜை இருந்த பக்கத்தில், முழங்காலுக்கு நேராக, நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி ஒரு குறுகலான இருக்கை. எவ்வளவு குறுகல் என்று தெரிய என் இடுப்பை அளந்தாள், நர்ஸும் உன் அம்மாவும் சிரித்த சிரிப்பை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவள் நான்கு காலிலும் சக்கரம் வேண்டும் என்றாள், வயசானவர்கள் எழுந்திருக்கும்போது வழுக்கும், கூடாது என்றேன். கடைசியில் பின்னங்கால் இரண்டுக்கு மட்டும் சக்கரம், சாய்த்து இழுக்கலாம். ஓரத்தில் பைப்பிங், அதுதான் கயிறு வைத்துத் தைக்கிற விளிம்பு, வைக்கக் கூடாது, அழுக்கு சேரும், துடைக்க வராது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். பைப்பிங் இல்லாமல் என் கையால் தைத்த முதல் சீட் இதுதான், பார்க்க மொட்டையாக இருக்கிறது, ஆனால் அவர் சொன்னது சரி.

போன வியாழக்கிழமை ஐந்தாவது ஏற்றிவிட்டார்கள். நான் எதிரே உட்கார்ந்தேன், அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. நர்ஸ் வண்டியோடு வரும்போதெல்லாம் எழுந்து வழிவிட வேண்டும், ஒன்பது தடவை எழுந்தேன், ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. பாதி நேரம் மாப்பிள்ளை வேலை மாறியது சரியா தவறா என்று வாக்குவாதம், மீதி நேரம் “அப்படி உத்துப் பார்க்காதீங்க, கூச்சமா இருக்கு” என்று திட்டிவிட்டுத் தூங்கிவிட்டாள். இந்தத் தடவை உண்மையாகவே தூங்கினாள், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மறுநாள் வாந்தி இருந்தது, இன்றைக்குப் பரவாயில்லை, இரண்டு வேளை சாப்பிட்டாள். பக்கத்துத் தடுப்பில் ஒரு கண்டக்டருக்கு மருந்து ஏறுகிறது, துணைக்கு வந்த அவர் மனைவி என் இருக்கையைப் பார்த்துவிட்டுத் தனக்கும் கேட்டிருக்கிறாள், மொத்தம் பன்னிரண்டு தைக்கச் சொல்லியிருக்கிறார்கள், நான்கு முடித்துவிட்டேன்.

நீ உடம்பைக் கவனி, பேத்திக்குக் கண் பரிசோதனை செய்யச் சொன்னேனே, செய்தாயா. வேலையில் யாரோடும் சண்டை போடாதே, அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் அம்மா கேட்கிறாள், நான் தையல் மெஷின் பக்கம் போய்விட்டேன். ஆறாவதுக்கு லீவு போட்டு வருகிறேன் என்று சொன்னாய், தேதி இருபத்தி மூன்று, மறக்காதே. ஒரு நோயாளிக்கு ஒரு துணைதான் உள்ளே விடுவார்கள், அது சட்டம், நானும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த இருக்கையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் நீ வந்தால் எழுந்துவிடுகிறேன், வெளியே வராந்தாவில் இருக்கிறேன். ஒன்றே ஒன்று, அம்மா கண்ணை மூடிக்கொண்டால் தூங்குகிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதே. எதையாவது சொல்லிக்கொண்டே இரு.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அப்பா