காத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு

ஜூலை 30, செவ்வாய்

ஞாயிறு மதியம் இரண்டு மணி என்று முடிவாகிவிட்டது. பதினோரு வருடத் தரவுத்தளம், நாற்பத்தொரு லட்சம் பதிவுகள், எல்லாம் ஒரே அட்டவணையில் கொட்டிக் கிடக்கின்றன. அதை மூன்றாகப் பிரித்துப் புது அமைப்புக்கு மாற்ற வேண்டியவள் நான். தனியாக. அலுவலகத்தில் நூற்றிருபது பேர் எழுதும் நிரலை வாங்கி, வரிசையில் நிறுத்தி, தானாகவே கட்டிச் சோதித்து அனுப்பும் மென்பொருள் இதன் மேல்தான் ஓடுகிறது. இது நின்றால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

குழுத் தலைவர் தனசேகர் சார் போனில் சொன்னார்: "இது ஒழுங்கா முடிஞ்சா நீ ஊர்லேர்ந்தே வேலை பாக்கறதுக்கு நான் பொறுப்பு. சொதப்பினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, பூவிழி."

மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 31, புதன்

அலுவலகத்துக்கு நேரில் போவதென்றால் எங்கள் பசியாவரத்திலிருந்து படகு, பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து ரயில். தினமும் போய்வர முடியாது, விடுதிதான். என் வீட்டுக்காரர் தேவேந்திரனும் ஏரியை விட்டு வர முடியாது. ஏரியில் முறைவைத்து வலை கட்டும் 'பாடு' ஊரில் இருப்பவருக்குத்தான். கல்யாணமாகி ஒன்றரை வருடம், அதில் ஒரு வருடம் அவர் இங்கே, நான் அங்கே. மறுபடியுமா?

ஆகஸ்ட் 1, வியாழன்

தேவேந்திரனுக்குக் காய்ச்சல். இன்று அவருடைய பாடு, வலை கட்டும் முறை அவருக்கு. எழுந்திருக்கவே முடியவில்லை.

"போனது போச்சு, வுடு. இனிமே அடுத்த சுத்துதான்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். விட்ட முறை விட்டதுதான். ஊரில் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை.

கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். பழைய வரிசையில் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள், முறை வந்தும் ஓடாமல் நிற்கின்றன. சில மூன்று, நான்கு மாதப் பழசு. புது வரிசைக்கு இவை வேண்டாம் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். சுத்தமாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 3, சனி

நான்கு முறை ஒத்திகை. எண்ணிக்கையெல்லாம் சரி.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இரண்டு மணிக்குத் தொடங்கினேன். இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது. ஓடுவது அலுவலகக் கணினியில்தான், எனக்கு ஒன்றும் ஆகாது. தெரியும். தெரிந்தும் போன் நெட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலே காலுக்கு முடிந்தது.

"இன்னா, முடிஞ்சுதா?" என்றார் தேவேந்திரன்.

"முடிஞ்சுது."

"அப்பறம் ஏன் மூஞ்சிய இப்டி வச்சினுகீற?"

மறுபடி எண்ணிக்கையைச் சரிபார்க்க உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எல்லாம் ஓடுகிறது. யாரும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை?

ஆகஸ்ட் 7, புதன்

காணொளிக் கூட்டத்தில் எங்கள் குழு வித்யா சொன்னாள். ஒரு மருத்துவமனை ஆய்வகத்துக்கான திருத்தத்தை மூன்று வாரம் முன்பே அனுப்பியிருந்தாளாம். வாடிக்கையாளர் ஒப்புதல் இன்றுதான் வந்ததாம். திறந்து பார்த்தால் வரிசையில் அதைக் காணவில்லை.

"வரிசையில இல்லன்னா நீ அனுப்பவே இல்லன்னு அர்த்தம்" என்றார் தனசேகர் சார்.

"அனுப்பினேன் சார்" என்று மூன்று தடவை சொன்னாள்.

பழைய அட்டவணையைத் திறந்தேன்; நான் விட்டுவிட்ட இருநூற்றுப் பன்னிரண்டில் அவளுடையதும் இருந்தது. ஒப்புதல் வராவிட்டால் இந்த வரிசையில் முறை போய்விடாது. ஓரமாக ஒதுங்கி நிற்கும், ஒப்புதல் வந்ததும் ஓடும். விட்ட முறை விட்டதுதான் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஏரியின் பாடு முறை வழக்கத்தை அலுவலகத்து வரிசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை யாரையும் கேட்காமல்.

பழைய அட்டவணையை வெள்ளிக்கிழமைதான் அழிப்பார்கள். பத்து நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டையும் திரும்ப வைத்துவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அனுப்பாமலே 'அனுப்பினேன்' என்று சொன்னவள் என்ற பெயர் வித்யாவுக்கு அப்படியே நிற்கும்.

இன்னா செய்யப் போறே, பூவிழி?

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையிலேயே எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன். பிறகு தேவேந்திரனிடம் சொன்னேன்.

"சொன்னா உன்னிய அங்க கூப்ட்டுக்குவாங்களா?"

"கூப்பிடுவாங்க."

வாசல் வரை போனார், திரும்பி வந்தார். "அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு, பாவம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் 'சொல்லாதே' என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல.

தனசேகர் சாரைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டார். "யாருக்கும் தெரியாதேம்மா, ஏன் சொல்ற?"

"வித்யா அனுப்பினா சார். அதை எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"அப்போ நாளைக்குக் கூட்டத்துல நீயே சொல்லு" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சொன்னேன். வித்யா கேமராவை அணைத்திருந்தாள். திங்கள் முதல் ஆறு மாதம் நேரில் வர வேண்டும் என்று மாலையில் கடிதம் வந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தேவேந்திரன் பையில் கருவாடு வைத்தார். விடுதியில் திட்டுவார்கள் என்று எடுத்தேன். மறுபடி வைத்தார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

விடுதியில் நான்கு பேர் அறை. ஜன்னல் என் பக்கம் இல்லை.

அலுவலகத்தில் வித்யாவுக்குப் பக்கத்து இருக்கை. காலை முழுக்க அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், "வேலையப் பாரு" என்றாள்.

ஒரு மணிக்கு தேவேந்திரன் கூப்பிட்டார்.

"துன்னியா?"

"ம், சாப்ட்டேன்" என்றேன். கொண்டுவரவும் இல்லை, வாங்கவும் இல்லை. அவர் இன்னும் ஏதோ கேட்டார், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

வித்யா திரையைப் பார்த்தபடியே தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மூடியில் பாதிச் சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளினாள்.