முட்டி மடங்கும் இடம்

ஆகஸ்ட் 3

அன்புள்ள மாஸ்டருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் கடிதமாகத் தட்டி அனுப்புகிறேன். பிரிந்து நான்கு வருடம் ஆனாலும், பெண் வெளிநாட்டில் போட்டிக்கு நிற்கும்போது பெற்றவருக்குச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

பாப்பா வீராங்கனைகள் விடுதியில் இருக்கிறாள். எனக்குச் சலவைக்கடை மாடியில் ஓர் அறை. மாலையில் ஒரு மணி நேரம்தான் அவளைப் பார்க்க விடுகிறார்கள். மிச்ச நேரம் ஊர் சுற்றுகிறேன். இங்கே பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது. பதினெட்டு வருடம் பையை மாட்டிக்கொண்டு நின்ற பழக்கதோஷம், ஏறியதும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்றேன். ஒருவரும் நகரவில்லை. இருபத்தேழாம் நம்பரில் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினேன். பாலம், மீன் சந்தை, நீளமான பூங்கா. எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை.

இருபது கிலோமீட்டர் நடைப் போட்டி ஒன்பதாம் தேதி காலை. மைதானத்தில் இல்லை, தெருவிலேயே.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 5

அன்புள்ள கண்டக்டர் அம்மாவுக்கு,

பஸ் விஷயத்தை மட்டும் ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன். கணக்கு வாத்தியார் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

போன மாதப் போட்டியின் வீடியோ பார்த்தேன். பதினாலு கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் வந்தால், அவளுக்கு இடது முட்டி மடங்குகிறது. ஊன்றுகிற கால் நேராக இருக்க வேண்டும் என்பதுதான் நடைப் போட்டியின் சட்டமே. மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவளுடைய கோச் நல்லவர்தான்; கையைப் பார்க்கிற அளவுக்கு முட்டியைப் பார்ப்பதில்லை. ஏற்றத்தில் அடியைச் சின்னதாக வைக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. சொன்னால் வேண்டுமென்றே பெரிதாக வைப்பாள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று இப்போது ஆராய வேண்டாம்.

இன்னொன்று. போட்டி முடிந்ததும் இரண்டு பேரும் வீட்டுக்கே வந்துவிடுங்கள். மேல் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாஸ்டர்


ஆகஸ்ட் 7

அன்புள்ள மாஸ்டருக்கு,

நேற்று போட்டித் தெருவை நானே நடந்து பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பும் சுற்று, அப்படிப் பத்து. மருந்துக்கடையைத் தாண்டியதும் தெரு லேசாக ஏறுகிறது. பஸ்ஸில் போனால் தெரியாது, காலுக்குத் தெரிகிறது. அன்றைக்கு அங்கேதான் நிற்பேன்.

மாலையில் பாப்பாவிடம், "ஏத்தத்துல அடியச் சின்னதா வையேன்" என்றேன்.

"டிக்கெட் கிழிக்கிற உனக்கு இதெல்லாம் எப்பம்மா தெரிஞ்சுது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அப்பா சொன்னார்" என்றேன்.

"காலெலும்பு விரிசல் விட்டிருந்தப்ப நடிக்கிறேன்னு சொன்னவரு, இப்ப முட்டியப் பத்திப் பேசறாரா?" என்று எழுந்து போய்விட்டாள். எங்களுக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. காவலாளிக்குத் துணையாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வருவது பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 8

அன்புள்ள உனக்கு,

அவள் சொன்னது உண்மை. நடிக்கிறாய் என்றுதான் சொன்னேன். அந்தக் காலோடு மூன்று வாரம் மைதானத்தைச் சுற்ற வைத்தேன். எக்ஸ்ரே வந்த அன்று நீ அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாய். நான் வாசலில் நின்று, யார் அவளுக்குப் பயிற்சி கொடுப்பார்கள் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பிறகு எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். எல்லாம் அறிவுரையாகவே முடிந்தது.

இதைப் போட்டிக்கு முன்னால் காட்டாதே. மனசு கலைந்துவிடும்.

மாஸ்டர்


ஆகஸ்ட் 10

அன்புள்ள மாஸ்டருக்கு,

பதினோராம் இடம். முழுத் தூரமும் நடந்து முடித்தாள்.

எட்டாவது சுற்றில் நடுவர் பலகையில் அவள் எண்ணுக்கு எதிரே இரண்டு சிவப்புப் புள்ளி விழுந்துவிட்டது, ஓர் அட்டைக்கு ஒரு புள்ளி. வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நின்றிருந்தேன். அவள் மருந்துக்கடையைத் தாண்டும்போது என்னையறியாமல், "சின்னதா வைம்மா" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் கத்திய தொண்டை, தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அடி சுருங்கியது. நான்கு பேர் முந்திக்கொண்டு போனார்கள். அவர்களைப் போக விட்டாள். மூன்றாவது புள்ளி கடைசி வரை விழவில்லை.

இன்று அவளுக்கு ஓய்வு. இரண்டு பேருமாக ஊர் சுற்றினோம். பஸ்ஸில் உங்கள் எட்டாம் தேதிக் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அவர் சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. நடையப் பத்தி என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா அந்த வீட்டுக்கு வரமாட்டேம்மா" என்றாள். கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

நானும் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அவள் வரமாட்டாள் என்பதற்காகவும் இல்லை. இந்த ஒரு வாரத்தில் எந்தப் பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது என்று நானே முடிவு செய்தேன். இரண்டு தடவை வழி தவறினேன், கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தேன். இந்த வயதில் இது எனக்குப் பிடித்திருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

அடுத்த போட்டி டிசம்பரில். பயிற்சி வீடியோவை இனி அவளே உங்களுக்கு அனுப்புவாளாம். பார்த்துவிட்டு அவளுக்கே எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கண்டக்டர்