சொல்லிக்கொடுக்காத பதில்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஈரச் சுடிதாரோடு ஆபீஸ். ஃபேனுக்குக் கீழே நின்று உலர்த்திக்கொண்டிருந்ததை ஆபீசை நடத்தும் மதாம் பார்த்துவிட்டார். ஃபேனை ஒரு நம்பர் கூட்டி வைத்துவிட்டுப் போனார்.

இன்று மொழிபெயர்த்தவை: பிறப்புச் சான்றிதழ் இரண்டு, திருமணச் சான்றிதழ் ஒன்று, தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு. ஒரு பெரியவரின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமான எழுத்தில். எது சரி என்று கேட்டேன். "மூணும் நான்தாம்மா. எது வேலைக்கு ஆவுமோ அதப் போட்டுக்கோ."

மதியம் புதுப் பெண். சுகன்யா. ரெட்டியார்பாளையம், ஜவுளிக்கடையில் வேலை. மாப்பிள்ளை அருண் பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம். இங்கே அவர்கள் வீட்டை இன்னும் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த மாதிரிக் கல்யாணத்துக்கு முன்னால் தூதரகத்தில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது உண்டு. கட்டாயக் கல்யாணமா, பாஸ்போர்ட்டுக்காகக் கல்யாணமா என்று பார்க்க. பெண்களை அதற்குத் தயார் செய்வதும் எங்கள் ஆபீஸ் வேலை. மதாம் எப்போதோ எழுதிவைத்த பதில்கள். எல்லோருக்கும் அதே தாளின் ஜெராக்ஸ். நான் கேட்பேன், அவர்கள் ஒப்பிப்பார்கள்.

அவர் காலையில் என்ன குடிப்பார்? எதற்குக் கோபப்படுவார்? தூங்கும்போது விளக்கு வேண்டுமா? கடைசியில்: உன் சொந்த விருப்பத்தோடுதான் இந்தக் கல்யாணமா?

சுகன்யா: "இதுக்கு எது சொன்னா அக்கா பாஸ் ஆவும்?"

தாளில் இருந்ததைப் படித்தேன். ஆம், நாங்கள் ஒருவரையொருவர் நேசிக்கிறோம், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, இது என் சுதந்திரமான முடிவு.

"சுதந்திரமான முடிவு! ஸ்கூல்ல பேச்சுப் போட்டிக்கு அப்புறம் இன்னிக்குத்தான் இந்த வார்த்தைய சொல்றேன்." சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. நல்ல ஞாபக சக்தி.

நவம்பர் 5, புதன்

வாங்க வேண்டியது: கொசுவத்தி, சேஃப்டி பின், குடைக்குக் கம்பி (முடியுமானால் குடையே).

உப்பளம் ஹாஸ்டலில் என் அறையில் இரண்டு கட்டில். கூட இருந்த பெண் வேலை கிடைத்து சென்னை போய்விட்டாள். அந்தக் கட்டிலில் இப்போது என் பக்கெட், அயர்ன் செய்யாத துணி.

ஊரில், கனகசெட்டிக்குளத்தில், வீட்டை விட்டு இறங்கினால் பஸ் ஸ்டாப் போவதற்குள் எத்தனை பேர் "எங்க போற?" என்பார்கள். பதில் சொல்லிச் சொல்லியே பஸ்ஸை விட்டிருக்கிறேன். காலேஜ் படிக்கும்போது சுதந்திரம் என்றால் என்னவென்று யாராவது கேட்டிருந்தால், இந்தக் கேள்வி இல்லாத தெரு என்று சொல்லியிருப்பேன். அந்தத் தெரு கிடைத்துவிட்டது. நேற்று ஆபீஸ் முடிந்து ஸ்டேடியத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை நடக்கப் பிடிக்கவில்லை.

அம்மா போன். சாப்ட்டியா? ம். மழையா? ம். படகு கடலுக்குப் போகவில்லையாம், அதனால் அம்மாவும் மீன் விற்கப் போகவில்லை. அப்புறம் பேச ஒன்றுமில்லை. வைத்துவிட்டோம்.

வைத்த பிறகு ஒரு விளையாட்டு. அந்தத் தாளில் உள்ள கேள்விகளை என்னைப் பற்றி அம்மாவிடம் கேட்டால்? காலையில் என்ன குடிப்பாள்: டீ என்பாள். நான் பால் இல்லாத காபிக்கு மாறி ஒரு வருஷம் ஆகிறது. எதற்குக் கோபப்படுவாள்: எம் பொண்ணுக்குக் கோவமே வராது என்பாள். அம்மாவும் பெண்ணும் என்பதை நம்பாமல் எங்கள் இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

சு. (சுகன்யா) தூதரகக் கேள்வி முடிந்து வந்தாள். முகம் செத்திருந்தது.

"கடைசிக் கேள்விக்கு அந்தப் பதில சொன்னேன் அக்கா. ஒரு வார்த்த விடல. அந்தம்மா எழுதிக்கிட்டே இருந்தவங்க பேனாவ வெச்சிட்டாங்க. இத இதே மாதிரி நெறைய பேரு சொல்லிட்டாங்க, நீ சொல்லும்மான்னாங்க. எனக்கு ஒண்ணும் வரல. மறுபடியும் அதையே சொன்னேன்."

வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அருணுக்கு ஒரு சிக்கலும் இல்லை. அவர் எந்தத் தாளும் படிக்கவில்லை.

அவள் அம்மா சொல்லிவிட்டாராம்: இது நடக்கவில்லை என்றால் தை மாதம் மாமாவுக்கு. அம்மாவின் கடைசித் தம்பி, ஹார்டுவேர் கடை. "நல்லவருதான் அக்கா. ஆனா நான் பொறந்தப்ப என்னத் தூக்கி வெச்சிருந்த போட்டோ இருக்கு. அத மாட்டியிருக்கிற செவுத்துக்குக் கீழ எப்டி அவரோட உக்காந்து சாப்புடுறது?"

மதாமிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மோன் தியூ, கடவுளே. இத்தினி வருஷமா இதே பதில்தான் போய்க்கினு இருந்துது. சரி, வார்த்தைய மாத்தி இன்னொண்ணு எழுதிக் குடு. கடைசில கொஞ்சம் அழுவுற மாதிரி இருக்கட்டும்."

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டது. சாயங்காலம் கடற்கரைச் சாலை. தனியாகப் போகிறவர்கள் வேகமாக நடக்க வேண்டியிருக்கிறது. மெதுவாக நடந்தால் யாருக்கோ காத்திருக்கிற மாதிரி தெரியும்.

ஐஸ்கிரீம் வண்டி முன்னால் ஒரு தம்பதி.

"உனக்கு இன்னா வேணும்?"

"உங்களுக்கு எதுவோ அதான்."

"எனக்கு நீ சொல்றதுதான்."

வண்டிக்காரர்: "யாராவது ஒருத்தர் மனசு வைங்க சார். நான் மூடிய தொறந்துட்டேன்."

சு.வுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நன்றாக வரவில்லை என்பதால் அல்ல, மூன்றாவது நன்றாகவே வந்தது. படித்தால் எனக்கே கண் கலங்கியது. ஆனால் அதில் இருந்த பெண் சு. இல்லை. நான் பார்த்தே இராத அருணை நான் காதலித்துக்கொண்டிருந்தேன்.

இப்படி யோசிக்கிறேன். அவள் உண்மையாகவே சம்மதிக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அதை என் வார்த்தையில் சொன்னால் அது யார் சம்மதம்? வாடகை நகை போட்டுக்கொண்டாலும் கழுத்து அவளுடையதுதானே என்று ஒரு மனம். சம்மதம் நகை மாதிரி இல்லை, அது கழுத்து மாதிரி என்று இன்னொரு மனம்.

நவம்பர் 11, செவ்வாய்

மதாம் கோர்ட்டுக்குப் போயிருந்தார். நானும் சு.வும் மட்டும்.

தாள் எதுவும் கொடுக்கவில்லை. "எழுதலையா?" என்றாள். நீயே பேசு, நான் கேட்கிறேன் என்றேன். பயந்துவிட்டாள். அப்புறம் பேசினாள். அருணுக்குக் காலையில் சாக்லேட் பால், சின்னப் பிள்ளை மாதிரி. ரொட்டியை அதில் நனைத்துச் சாப்பிடுவாராம். தமிழ் பேசும்போது எல்லோரையும் "நீங்க" என்பார், நாயைக்கூட. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"எனக்கு மட்டும்தானா? நீங்களும் சொல்லுங்க அக்கா. உங்களுக்கு ரொம்ப நெருக்கமானவங்க யாரு?"

ஒரு பெயர் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை. யாரும் இல்லை என்றேன்.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்ப எம்பேரப் போட்டுக்கோங்க. விசா வர்ற வரைக்கும் இருப்பேன்."

கிண்டல்தான். இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசிக் கேள்வி. ஏன் இந்தக் கல்யாணம்?

"இது இல்லன்னா மாமா அக்கா."

"மாமாவும் இல்லன்னா?"

"இன்னாது?"

"ரெண்டும் இல்லன்னா. அப்ப என்ன பண்ணுவ?"

"ரெண்டும் இல்லன்னு ஒண்ணு இருக்குதா?" சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் நின்றுவிட்டது. நகத்தைக் கடித்துக்கொண்டே எழுந்து பையை எடுத்தாள். போகும்போது குடையை மறந்துவிட்டுப் போய், திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கேள்வி மதாமின் தாளில் இல்லை. ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவளிடம்தான் கேட்டேனா என்பதும்.

நவம்பர் 13, வியாழன்

சு. தூதரகம் போகிற நாள். நான் ஒரு சான்றிதழில் அப்பா பெயரைப் பிள்ளைக்கும் பிள்ளை பெயரை அப்பாவுக்கும் போட்டுவிட்டேன். மதாம் பார்த்ததால் தப்பித்தது.

மதியம் போன் செய்தேன். எடுக்கவில்லை. சாயங்காலம் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

மெஸ்ஸில் உப்புமா. யாரோ பக்கத்தில் வந்து "இங்க யாராச்சும் வர்றாங்களா?" என்றார்கள். இல்லை என்றதும் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

சு.வின் அம்மா ஆபீசுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரு இங்க எம்பொண்ணுக்கு சொல்லிக் குடுத்தது?"

எழுந்து நின்றேன்.

"நீயா? இன்னா சொல்லிக் குடுத்த? உள்ள போயி, எனக்கு இப்ப கல்யாணம் வேணாம், யோசிக்கணும்னு சொல்லிட்டு வந்திருக்கா. யோசிக்கணுமாம்! அந்தப் புள்ள வெளிய மால மாத்துன கணக்கா சிரிச்சிக்கினு உக்காந்திருக்குது. இவ வந்து அது மூஞ்சி மேலயே சொல்றா. சரி, மாமனக் கட்டிக்கடின்னா அதுக்கும் மாட்டாளாம். படிச்ச பொண்ணு, பக்கத்துல உக்காந்து இன்னாதான்டி சொல்லிக் குடுத்த?"

"ஒண்ணும் சொல்லிக் குடுக்கலம்மா."

உண்மை. பதில் என்று எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் என் குரல் பொய் சொல்கிறவள் குரல் மாதிரி இருந்தது.

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். மதாம் தண்ணீர் கொடுத்து ஆட்டோ வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்.

என்னிடம்: "கேள்வி கேக்குறது அவங்க வேல. பதில் குடுக்குறது நம்ம வேல. நீ இனிமே பொண்ணுங்களோட உக்கார வேணாம் பொண்ணு. சான்றிதழ் மட்டும் பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

அறையை விட்டு இறங்கவில்லை. தலை வலி. நாலைந்து வீட்டார் சேர்ந்து பேசி முடித்ததை என் வாயில் வந்த ஒரு வரி கலைத்துவிட்டது. இப்போது அவளுக்கு அருணும் இல்லை, வீட்டில் முகமும் இல்லை. வேறு வழியே இல்லை என்று நினைத்திருந்தவரை அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை விடுவித்தேனா, நடுரோட்டில் இறக்கிவிட்டேனா? இரண்டும் ஒரே செயலாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

என் சாப்பாட்டை எதிர் அறைப் பெண் எடுத்துவைத்திருந்தாள். பெயர் தெரியாது. கேட்டிருக்கலாம்.

நவம்பர் 18, செவ்வாய்

மறுபடி மழை. பஸ்ஸுக்கு நிற்கும்போது போன். புது நம்பர். சு.

கடையில் கூட வேலை செய்கிற பெண்ணின் போனாம். அவளுடையதை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். வேலைக்கு மட்டும் விடுகிறார்கள், அண்ணன் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப் போகிறான். அருண் "சரிங்க, நல்லா யோசிங்க" என்று சொல்லிவிட்டு பிரான்சுக்குப் போய்விட்டார். அப்புறம் ஒரு மெசேஜும் இல்லை. மாமாவும் இவர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

"யோசிச்சியா?" என்றேன். இதைவிட முட்டாள்தனமாக எதுவும் கேட்டிருக்க முடியாது.

"யோசிக்கறதா? வீட்ல அதுக்கு எடம் எங்க இருக்கு? சேலைய மடிக்கறப்ப கொஞ்சம் யோசிக்கறேன். ஒண்ணும் தெரியல. உங்க மேல எவ்ளோ கோவம் தெரியுமா அக்கா? நீங்க பாட்டுக்கு அதே பதில வேற மாதிரி எழுதிக் குடுத்திருந்தா நானும் ஒப்பிச்சிட்டு, நல்லதோ கெட்டதோ அங்க போயிருப்பேன். உங்கள யாரு அப்டிக் கேக்கச் சொன்னது? வேலையப் பாத்துக்கினு போவ வேண்டியதுதான?"

நிறையத் திட்டினாள். என் பஸ் வந்து நின்று போனது.

"இத வேற யார்கிட்டப் போயி சொல்லுவேன்" என்றாள் கடைசியில்.

அந்தப் பக்கம் யாரோ துணி கிழிக்கும் சத்தம், பில் போடச் சொல்லும் குரல். இந்தப் பக்கம் மழை. அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.