ரெண்டாம் வருஷத்துக்கு வெரிலாக் எதுக்காம்?

என் மெஹ்ருன் ராத்தாவுக்கு,

நன்னிலத்தில் உங்களை அடக்கம் பண்ணின மண் இன்னும் காயலை, அதுக்குள்ள காலேஜில் நாம நடத்தின பாடத்தில் கை வச்சுட்டாங்க. கோபத்தில்தான் எழுதறேன். அழுதுக்கிட்டே எழுதினா நீங்களே திட்டுவீங்க.

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் ஆரம்பப் பாடத்தில் வெரிலாக் வேண்டாமாம். சிப்புக்குள்ள என்ன சர்க்யூட் இருக்கணும்னு எழுதிக் காட்டுற மொழியை ரெண்டாம் வருஷத்திலேயே தொடங்கணும்னு ஒரே லேப்பில் உட்கார்ந்துக்கிட்டு நாம ரெண்டு பேரும் சேர்ந்து காலேஜோட எவ்வளவு சண்டை போட்டோம்! உங்க வீட்டுக்காரர் மச்சான் ஷார்ஜாவுக்கு வந்துடுன்னு ஃபோன் பண்ணும்போதெல்லாம், இந்த செமஸ்டர் முடியட்டும்னு தள்ளிப்போட்டீங்களே, இதுக்குத்தானா?

புதுசா வந்த துறைத்தலைவர் சொல்றார்: "வயக்காட்டுலேர்ந்து வர்ற பசங்கம்மா. ரெண்டு லாஜிக் கேட் மாட்டிக் காட்டுங்க, போதும். பெங்களூருக்குச் சிப் வேலைக்குப் போறவன் கடைசி வருஷத்துல படிச்சுக்கட்டும்." போறவன் யாருன்னு இவருக்கு இப்பவே எப்படித் தெரியுமாம்?

ஒண்ணை ஒத்துக்கணும். அவர் காட்டின விடைத்தாளில் பாதி தப்புதான். நீங்க தலையில் அடிச்சுக்குவீங்களே, அதே தப்பு. வெரிலாக்கில் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்னு புரியாம, ஒரு வரி முடிஞ்சாத்தான் அடுத்த வரி நடக்கும்னு நினைக்குதுங்க. மேல்மடைக்காரர் பாய்ச்சி முடிச்சாத்தான் நமக்குத் தண்ணின்னு பார்த்து வளர்ந்த பிள்ளைங்க, வேற எப்படி நினைக்கும்? அந்தத் தப்பை இப்பவே பண்ணித் திருந்தட்டுமே.

லேப் சாவியை வாங்கிக்கிட்டார். போகட்டும்னு, நீங்க செய்யற மாதிரியே பிள்ளைகளை வராந்தாவில் வரிசையா நிறுத்தினேன். முதல் ஆள் மட்டும் கையைத் தூக்கினபடியே நிக்கணும். நான் கை தட்டினதும், தனக்கு முந்தின ஆள் தட்டுக்கு முன்னாடி எப்படி இருந்தாரோ அப்படி மத்த எல்லாரும் ஒரே நேரத்தில் மாறணும். முதல் தட்டிலேயே ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர், வரிசை முழுக்கத் தூக்கிட்டாங்க!

மயிலாடுதுறையிலேர்ந்து பஸ்ஸில் வர்ற செல்வி, "அவன் முடிக்கட்டும்னு நின்னேன் மிஸ்"ங்கறா.

"எதுக்குடி நிக்கறே? சர்க்யூட்ல யாரும் யாருக்கும் காத்திருக்கறதில்லை."

மத்தவங்க கையை இறக்கச் சொல்லிட்டு மறுபடி தட்டினேன். தட்டுக்கு ஒரு ஆளா, கை அழகா உயர்ந்துக்கிட்டே கடைசி ஆள் வரைக்கும் போச்சு. பிள்ளைங்க போட்ட கூச்சலில் துறைத்தலைவரே வெளியே வந்துட்டார்.

"யார் பர்மிஷன் கொடுத்தா?"

"யாரும் கொடுக்கலை சார். நாளைக்கும் எடுப்பேன்."

"மெமோ கொடுப்பேன்."

"தாராளமா கொடுங்க சார். இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு இது வராதுன்னும் அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நானே நோட்டீஸ் போர்டுல ஒட்டறேன்."

மனுஷன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்.

எனக்குப் பயமில்லாம இல்லை, ராத்தா. வேலை போனா வீட்டில் என்ன சொல்லுவேன்? இருந்தாலும் உங்க மேல சத்தியம். இந்தப் பிள்ளைங்களுக்கு வராதுன்னு என் முன்னாடி ஒருத்தர் சொல்லிட்டுச் சும்மா போக முடியாது.

கூடப் பிறக்காத உங்க தங்கச்சி,
வசந்தா